மொசைக் தரையில் கிரேக்க எழுத்து: பழைய தேவாலயங்களின் அர்ப்பணிப்பு வாசகங்களைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

புனித பூமிப் பயணம் போகிற நம் ஊர்க் குழுக்கள் ஜோர்தானுக்குள் நுழைந்தால் இரண்டு இடங்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஒன்று நேபோ மலை. இன்னொன்று மாதபா, விவிலியத்தில் மேதேபா என்று வருகிற ஊர். இரண்டு இடத்திலும் தரை முழுக்க மொசைக்: சிங்கம், ஒட்டகம், திராட்சைக் கொடி, வேட்டைக்காரர்கள். எல்லாரும் அந்தப் படங்களைத்தான் செல்போனில் பிடிப்பார்கள். படங்களுக்கு நடுவிலோ ஓரத்திலோ கறுப்புச் சில்லுகளால் பதித்த நாலைந்து வரி கிரேக்க எழுத்து இருக்கும். வழிகாட்டி அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார், குழுவும் தாண்டிப் போய்விடும்.

எனக்கு அந்த வரிகள்தான் முக்கியம். அப்போது ஆயராக இருந்தவர் யார், வேலையை முன்னின்று நடத்தியவர் யார், காசு கொடுத்தவர் யார், அவர் யாருக்காக வேண்டிக்கொண்டார், எந்த மாதம் எந்த ஆண்டு வேலை முடிந்தது, முட்டி போட்டுச் சில்லு பதித்தவர் பெயர் என்ன என்பதெல்லாம் அந்த நாலு வரிக்குள் இருக்கிறது. இந்த மனிதர்களில் பெரும்பாலோரைப் பற்றி உலகத்தில் வேறெங்கும் ஒரு குறிப்பும் கிடையாது.

இவற்றைப் படிக்கக் கிரேக்கத்தில் பட்டம் வாங்க வேண்டியதில்லை. எழுத்துகளையும் ஒரு முப்பது சொற்களையும் பழகிக்கொண்டால் பாதிக்கு மேல் பிடிபட்டுவிடும், ஏனென்றால் எல்லாம் ஒரே வார்ப்பில் எழுதப்பட்டவை. 6ஆம் நூற்றாண்டு முதல் 8ஆம் நூற்றாண்டு வரைக்குமான மாதபா வட்டாரத்தைத்தான் இங்கே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். அங்கே வாசகங்கள் ஏராளம், ஆண்டு போட்டவையும் நிறைய.

முதல் படி: எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது

எழுத்துக்குள் போகும் முன், அது கட்டடத்தில் எங்கே பதிந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பலிபீடத் தடுப்புக்கு முன்னால், நடுக்கூடத்தின் கிழக்குக் கோடியில் இருப்பதுதான் பெரும்பாலும் முதன்மையான அர்ப்பணிப்பு வாசகம். ஆயர் பெயரும் ஆண்டும் அங்கேதான் வரும். தூண்களுக்கு இடையில், பக்க அறைகளில், வாசலருகில் இருப்பவை அநேகமாகச் சின்னவை: ஒரு குடும்பத்தின் வேண்டுதல், அல்லது ஒரு விவிலிய வசனம்.

வாசற்படிகளில் சங்கீதம் 121 அடிக்கடி வரும்: "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பார்." அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான வசனம் ஏது? நேபோ மலையில் கடவுளின் தாய் சிற்றாலயத்தில் பலிபீடத்துக்குப் பக்கத்தில் காளைகளின் படம், கூடவே 51ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம், "அப்பொழுது உமது பீடத்தின்மேல் காளைகளைப் பலியிடுவார்கள்." இப்படி வசனமும் இடமும் சேர்ந்தே அர்த்தம் தருவதால், எழுத்தை மட்டும் தனியாக வெட்டிப் படம் எடுத்துக்கொண்டு வந்தால் பாதி போய்விடும்.

எழுத்தின் தலைமாடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். மேற்கு வாசலில் நுழைந்து பீடத்தைப் பார்த்து நடக்கிறவர் படிக்கும்படிதான் பெரும்பாலும் இருக்கும். மாறி இருந்தால் அதை எழுதி வையுங்கள். அது பீடத்தருகே நிற்கும் குருவுக்காக வைத்ததாக இருக்கலாம்.

இரண்டாம் படி: படம் எடுப்பதும் படியெடுப்பதும்

மேலிருந்து நேராக ஒரு படம், வெளிச்சம் சாய்வாக விழும்போது ஒரு படம், சந்தேகமான ஒவ்வொரு எழுத்துக்கும் கிட்டத்தில் ஒரு படம். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். நிறம் பளிச்சென்று தெரியும் என்று சிலர் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். சில்லுகளுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக் காரை. நனைவதும் காய்வதுமாக இருந்தால் உப்புப் பூத்துச் சில்லு பெயரும்.

அப்புறம் ஒரு தாளில் எழுத்துகளை இருக்கிறபடியே எழுதுங்கள். சொல் பிரிக்காதீர்கள், திருத்தாதீர்கள், விட்டுப்போனதை நிரப்பாதீர்கள். வரி எங்கே முடிகிறதோ அங்கேயே முடியுங்கள். வரிக் கடைசியில் எழுத்துகள் நெருக்கியடித்துக் கிடந்தால் அதையும் குறியுங்கள். கையில் இருந்த வாசகத்தைச் சட்டத்துக்குள் அடக்கக் கைவினைஞர் திணறிய இடம் அது. அங்கேதான் சுருக்கங்களும் பிழைகளும் கூடுதலாக வரும்.

மூன்றாம் படி: எழுத்து வடிவங்களும் சுருக்கங்களும்

பள்ளிக் கணக்கில் பார்த்த சிக்மாவை இங்கே தேடாதீர்கள். இங்கே சிக்மா பிறை வடிவம், ஆங்கில சி மாதிரி. எப்சிலோனும் அதே பிறைதான், நடுவில் ஒரு கோடு. ஒமேகா ஆங்கில டபிள்யூ போல வளைந்திருக்கும். ஓமிக்ரோன் தலைமேல் உப்சிலோன் ஏறி உட்கார்ந்தால், மேல்பக்கம் திறந்த 8 போல ஒரு கூட்டெழுத்து வரும். அது 'ஊ' ஒலி. சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. தொடக்கத்தில் பெரும்பாலும் ஒரு சிலுவை இருக்கும்.

எழுத்துகளுக்கு மேல் ஒரு படுக்கைக் கோடு போட்டிருந்தால் அது புனிதப் பெயரின் சுருக்கம். காப்பாவும் எப்சிலோனும் மேல்கோட்டோடு வந்தால் 'க்யூரியே', அதாவது ஆண்டவரே. தீட்டாவும் சிக்மாவும் வந்தால் 'தெயோஸ்', கடவுள். இயோட்டா சிக்மா, கை சிக்மா என்று அடுத்தடுத்து வந்தால் இயேசு கிறிஸ்து. இந்த மூன்றையும் மனதில் ஏற்றிக்கொண்டால், முன்பின் பார்த்திராத வாசகத்திலும் வேண்டுதல் தொடங்குமிடம் பிடிபடும். காப்பாவோடு பாம்பு போல ஒரு நெளிகோடு வந்தால் அது 'காய்', 'உம்' என்ற பொருள். பதவிப் பெயர்களையும் பாதியில் வெட்டி அதே நெளிகோட்டைப் போட்டுவிடுவார்கள்.

எழுத்துப்பிழைகளைப் பிழை என்று ஒதுக்காதீர்கள். அந்தக் காலத்துப் பேச்சில் எதா, இயோட்டா, எப்சிலோன்-இயோட்டா எல்லாம் 'இ' என்றே ஒலித்தன. ஆல்ஃபா-இயோட்டா 'எ' ஆகிவிட்டது. அதனால் 'முடிக்கப்பட்டது' என்று பொருள்படும் 'எதெலெயோதே' என்ற சொல்லில் இரண்டு எழுத்து வரவேண்டிய இடத்தில் ஒற்றை இயோட்டா நிற்கும். அகராதியில் சொல் கிடைக்கவில்லை என்றால், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். காதுக்குப் பிடிபடும்.

நான்காம் படி: வாசகத்தின் எலும்புக்கூடு

இப்போது சொல் பிரிக்கலாம். முழுமையான வாசகம் ஒன்றில் பெரும்பாலும் இந்த வரிசை வரும். முதலில் 'எபி' என்ற சொல்லும் ஓர் ஆயரின் பெயரும்: இன்னார் காலத்தில். அடுத்து வினை: 'எக்டிஸ்தே' என்றால் கட்டப்பட்டது, 'எப்செஃபோதே' என்றால் மொசைக் பதிக்கப்பட்டது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பழைய கட்டடத்துக்குப் பின்னாளில் புதுத் தரை போட்டிருக்கலாம், ஆண்டு அந்தத் தரைக்கு மட்டுமே உரியது. பிறகு 'ஸ்பூதே', இன்னாரின் முயற்சியால். அதன்பின் யாருக்காக என்பது. கடைசியில் மாதமும் ஆண்டும். அபூர்வமாகச் சில்லு பதித்தவர் பெயர்.

'யாருக்காக' என்ற பகுதியில்தான் கவனம் அதிகம் வேண்டும். 'ஹூபெர் சோதேரியாஸ்' என்று வந்தால் நலனுக்காக, மீட்புக்காக. பெயருக்கு உரியவர் அநேகமாக உயிரோடு இருக்கிறார். 'ஹூபெர் அனபௌசெயோஸ்' என்றால் இளைப்பாறுதலுக்காக; அவர் இறந்துவிட்டார். 'ஹூபெர் யூகேஸ்' நேர்ச்சைக்காக. 'ம்னேஸ்தேதி' என்றால் நினைவுகூரும் என்று ஆண்டவரிடம் கேட்பது. இந்த நாலையும் வைத்து ஒரு குடும்பத்தில் யார் இருந்தார், யார் போய்விட்டார் என்று சொல்லிவிடலாம்.

கிர்பெத் அல் முகய்யத் நேபோ மலைக்குப் பக்கத்துக் குன்று. அங்கே புனித லோத்து, புனித ப்ரொகோபியுஸ் இருவர் பெயரில் ஒரு சிறிய தேவாலயம். அதன் நடுக்கூட வாசகத்தை நிதானமாகப் பாருங்கள். ஆயர் யோவான் காலத்தில் "உமது புனித இடம்" கட்டி முடிக்கப்பட்டது என்று தொடங்குகிறது. அறிவிப்புப் பலகையின் மொழியில்லை அது. நேரே முகம் பார்த்துப் பேசுகிற மொழி. வேலையைப் பார்த்தவர் பாரிகா என்ற குரு. அவர் 'பரமோனாரியோஸ்' பொறுப்பும் வகித்தவர்: நம் ஊர்த் தேவாலயத்தில் கோயில்பிள்ளை செய்கிற வேலை. மாதம் நவம்பர். அப்புறம் வேண்டுதல்: லோத்து, ப்ரொகோபியுஸ் இவர்களின் கடவுளே, கோமித்திஸ்ஸாவின் பிள்ளைகள் ஸ்தேவான், எலியா இருவரின் காணிக்கையை ஏற்றுக்கொள்ளும். தொடர்ந்து வேறு பெயர்கள், ரபாதா என்ற பெண்ணின் நலனுக்காக ஒரு வேண்டுதல். அண்ணன் தம்பியை அம்மா பெயரால் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். ஊரில் அந்த அம்மாதான் அறியப்பட்டவராக இருந்திருக்க வேண்டும்.

முடிக்கும்போது, காணிக்கை கொடுத்த மற்றவர்களைப் பற்றி ஒரே வரி: அவர்கள் பெயர்களை ஆண்டவர் அறிவார். சில்லு பதிக்க இடமில்லாமல் போனதோ, பெயரைப் போட வேண்டாம் என்று கொடுத்தவர்களே சொன்னார்களோ! இந்த வரி இந்த வட்டாரத்தில் மறுபடி மறுபடி வருகிறது, சில இடங்களில் கொடையாளர் பெயரே இல்லாமல் இது மட்டும் நிற்கும். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனது நெகிழ்ந்துவிடும்.

எல்லாமே உரைநடை என்றும் எண்ணிவிடாதீர்கள். கிரேக்கத்தின் மேற்குக் கரையில் நிகோபோலிஸ் நகரத் தேவாலயத்தில், கடலால் சூழப்பட்ட பூமியைச் சித்திரித்த மொசைக்குக்கு ஹோமர் நடையில் செய்யுள் எழுதிவைத்திருக்கிறார்கள்: எல்லையற்ற பெருங்கடலை இங்கே பார், மூச்சுவிடுவதும் ஊர்வதுமான எல்லாவற்றையும் தாங்கிய பூமியை அது சூழ்ந்திருக்கிறது, இது பெருமனம் படைத்த தலைமைக் குரு துமேதியோஸின் கொடை. இந்த மாதிரி வாசகத்துக்கு மேலே சொன்ன வரிசை உதவாது, செய்யுளாகவே எடுத்துப் படிக்க வேண்டும்.

காலத்தால் முந்தியவற்றிலும் வரிசை வேறு. இஸ்ரேலின் மெகிதோவில் 2005இல் ஒரு சிறை வளாகத்துக்குள் தோண்டியபோது கிடைத்த வழிபாட்டுக் கூடத்தின் தரை, பெரும்பாலான அறிஞர்கள் கணக்கில் 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ஆயர் பெயரே இல்லை. ரோமப் படையின் நூற்றுவர் தலைவர் கையானுஸ், போர்ஃபிரியோஸ் என்றும் அழைக்கப்பட்டவர், "நம் சகோதரர்", சொந்தச் செலவில் தரை போட்டுக் கொடுத்தார். வேலையைச் செய்தவர் ப்ரூதியுஸ். இன்னொரு வாசகத்தில், கடவுளை நேசிக்கும் அகெப்தூஸ் என்ற பெண் கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு மேசையை நினைவுக் காணிக்கையாகக் கொடுத்திருக்கிறார். மூன்றாவதில் ப்ரிமில்லா, கிரியாக்கா, தொரொதெயா, க்ரெஸ்தே என்ற நாலு பெண்களை நினைவுகூரச் சொல்கிறது. தேவாலயங்கள் பெரிதாகி, ஆயர்கள் முன்வரிசைக்கு வருமுன் இருந்த சிறு கூட்டத்தின் முகம் அது.

ஐந்தாம் படி: ஆண்டைக் கணக்கிடுவது

இங்கே அவசரம் கூடாது. நூலாசிரியர்கள் அச்சிட்ட ஆண்டை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சுலபமானதுதான்.

கிரேக்கர்கள் எண்களை எழுத்தாலேயே எழுதினார்கள். ஆல்ஃபா 1, பீட்டா 2. இயோட்டா 10, காப்பா 20. ரோ 100, சிக்மா 200, தௌ 300, உப்சிலோன் 400, ஃபை 500, கை 600. 6, 90, 900 மூன்றுக்கும் வழக்கொழிந்த பழைய எழுத்துகள். நூறு, பத்து, ஒன்று என்று இறங்குவரிசையிலும் வரும், தலைகீழாகவும் வரும். இரண்டும் ஒரே எண்தான்.

அடுத்த கேள்வி, எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறார்கள்? மாதபா வட்டாரத்தில் ரோமின் அராபிய மாகாணத் தொடராண்டு வழக்கில் இருந்தது. அதன் முதல் ஆண்டு கி.பி. 106 மார்ச் 22இல் தொடங்குகிறது. எனவே மார்ச் 22 முதல் டிசம்பர் முடிய வரும் தேதிகளுக்கு 105 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் மார்ச் 21 வரைக்கு 106. மாதபாவின் திருத்தூதர் தேவாலயத்தில் ஆண்டு 473. 105 கூட்டினால் 578.

வடக்கே கெரசா நகரம், இன்றைய ஜெராஷ், வேறு கணக்கு வைத்திருந்தது. ரோமத் தளபதி பொம்பேயுஸ் அந்த வட்டாரத்துக்கு வந்த காலத்தை ஒட்டி, கி.மு. 63 இலையுதிர் காலத்திலிருந்து எண்ணினார்கள். அங்கே கோஸ்மாஸ், தமியான் தேவாலயத்தில் ஆண்டு 595. மாதபாக் கணக்கில் அது 700 ஆகிவிடும். கெரசாக் கணக்கில் 62 கழிக்க வேண்டும்: 533. ஊரை மாற்றிப் போட்டால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தவறிப்போகும். காசாவுக்குத் தனிக் கணக்கு, சிரியாவில் பல இடங்களில் கி.மு. 312இலிருந்து தொடங்கும் செலூக்கியக் கணக்கு. ஆகவே எந்த வாசகமானாலும் முதல் வேலை அந்த ஊரின் தொடராண்டு எது என்று பார்ப்பது.

மூன்றாவது, இண்டிக்ஷன். வரி விதிப்புக்காக வந்த 15 ஆண்டுச் சுழற்சி இது. செப்டம்பர் 1இல் ஆண்டு பிறக்கும். நம் பிரபவ, விபவ வருடங்களைப் போல, எண் மட்டும் இருந்தால் எந்தச் சுற்று என்று தெரியாது. ஆனால் சரிபார்க்க இதைவிட நல்ல கருவி கிடையாது. கி.பி. ஆண்டோடு 3 கூட்டி 15ஆல் வகுத்தால் வரும் மீதிதான் இண்டிக்ஷன், மீதி இல்லை என்றால் 15. செப்டம்பர் முதல் டிசம்பர் வரையான மாதங்களுக்கு அடுத்த ஆண்டை எடுத்துக்கொள்ள வேண்டும்.

உம் அர் ரசாஸில் இதைப் போட்டுப் பார்க்கலாம். மாதபாவுக்குத் தென்கிழக்கே பாலைவன ஓரத்தில் இருக்கும் இந்த இடத்தின் பழைய பெயர் கஸ்த்ரோன் மெஃபா. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. புனித ஸ்தேவான் தேவாலயத்தின் பீடப் பகுதி வாசகம் சொல்வது: மார்ச் மாதம், இண்டிக்ஷன் 9, ஆண்டு 650. மாகாண ஆண்டு 650 என்பது 755 மார்ச் 22 முதல் 756 மார்ச் 21 வரை. மார்ச் மாதம் இதற்குள் இரண்டு தடவை வருகிறது. 755 என்றால் 758ஐ 15ஆல் வகுக்க மீதி 8, பொருந்தவில்லை. 756 என்றால் 759ஐ வகுக்க மீதி 9. பொருந்திவிட்டது. அப்படியானால் 756ஆம் ஆண்டு மார்ச் 1க்கும் 21க்கும் இடையில் அந்தத் தரை முடிந்திருக்கிறது. 1200 ஆண்டுகளுக்கு மேல் பழைய ஒரு வேலையை மூன்று வாரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டோம்!

அந்த ஆண்டின் கனத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் படைகளோடு யார்மூக் போர் 636இல் நடந்தது; அதோடு ரோமப் பேரரசு இந்த நிலத்தை இழந்துவிட்டது. உமையாக்கள் வந்து போய், 750 முதல் அப்பாசியர் ஆட்சி. அராபிய மாகாணம் என்று ஒன்று பூமியில் இல்லை. ஆனாலும் மெஃபா ஊர்க் கிறிஸ்தவர்கள் அந்த மாகாணத்தின் ஆண்டையே எண்ணிக்கொண்டு, கிரேக்கத்திலேயே எழுதி, புதுத் தரை போட்டிருக்கிறார்கள். முஸ்லிம் படைகள் வந்ததும் தேவாலயங்கள் அணைந்துபோயின என்று சொல்லும் பழைய வரலாற்றுப் புத்தகங்களுக்கு இந்த ஒற்றைத் தேதி போதுமான பதில்.

அதே தேவாலயத்தின் நடுக்கூடம் வேறொரு பாடம். அதன் ஆண்டெழுத்துகளை முதலில் 680 என்று படித்து 785 என்று அச்சிட்டார்கள். மாதம் அக்டோபர், இண்டிக்ஷன் 2. 785 அக்டோபருக்கு 786ஐ எடுத்து 3 கூட்டி வகுத்தால் 9 வருகிறது. இண்டிக்ஷன் உதைக்கிறது. இப்போது அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கும் ஆண்டு 718. அதற்குக் கணக்குப் போடுங்கள்: 719உடன் 3, 722, மீதி 2. பழைய நூல்களிலும் சுற்றுலாப் பலகைகளிலும் 785 இன்னும் உலவுகிறது, பார்த்தால் ஏமாறாதீர்கள்.

இண்டிக்ஷனும் தீர்க்க முடியாத இடம் உண்டு. மாதபாவின் கன்னி மரியாள் தேவாலயத்து வாசகத்தில் பிப்ரவரி, இண்டிக்ஷன் 5. ஆண்டெழுத்துகளை ஒரு விதமாகப் படித்தால் 662 என்கிறார்கள், இன்னொரு விதமாகப் படித்தால் 767. நடுவில் 105 ஆண்டு, சரியாக ஏழு சுற்று. எனவே இரண்டுக்குமே இண்டிக்ஷன் 5தான். லோத்து தேவாலயத்திலோ ஆண்டே இல்லை: நவம்பர், இண்டிக்ஷன் 6, ஆயர் யோவான். 542, 557, 572 மூன்றும் கணக்குக்கு ஒத்துவரும். அறிஞர்கள் 557ஐ எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் எழுதும்போது "557 ஆகலாம்" என்று எழுதுங்கள், "557" என்று மட்டும் எழுதாதீர்கள்.

ஆறாம் படி: பெயர்களும் பட்டங்களும்

'ஹகியோததோஸ்', 'ஹொசியோததோஸ்' என்று மிகுபுனிதர் பட்டங்கள் வந்தால் ஆயர். 'தெயோஃபிலெஸ்ததோஸ்' என்றால் கடவுளை மிக நேசிப்பவர், அது ஆயருக்கும் வரும், குருவுக்கும் வரும். 'லம்ப்ரோததோஸ்' உலகப் பதவியில் இருக்கும் பெரிய மனிதருக்கு. 'ஸ்கொலஸ்திகோஸ்' வழக்கறிஞர். பட்டங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும், இதில் ரொம்ப மெனக்கெட வேண்டாம்.

பெயர்களுக்கு நேரம் கொடுங்கள். மொழி கிரேக்கம் என்பதால் மக்கள் கிரேக்கர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உம் அர் ரசாஸின் 756ஆம் ஆண்டுத் தரையைப் பதித்தவர் ஸ்தௌராகியோஸ். பெயரில் சிலுவை இருக்கிறது, நல்ல கிரேக்கப் பெயர். அப்பா பெயர் சாதா, செமித்தியப் பெயர், அதாவது அரபி, அரமேய மொழிக் குடும்பத்துப் பெயர். ஊர் எஸ்பூந்தா, விவிலியத்தின் எஸ்போன். நேபோ மலையில் 530ஆம் ஆண்டுத் திருமுழுக்கு அறையின் தரையில் மூன்று கைவினைஞர்கள்: சோயெல், காயூமோஸ், எலியா. "ஆண்டவரே, மொசைக் பதித்த சோயெல், காயூமோஸ், எலியா இவர்களையும் இவர்கள் வீட்டார் அனைவரையும் நினைவுகூரும்" என்று கேட்கிறார்கள். வீட்டில் அரமேயமோ அரபியோ பேசி, தேவாலயத் தரையில் கிரேக்கம் எழுதிய மக்கள் இவர்கள். அந்தத் தரையின் வேட்டைக் காட்சிகள்தான் இன்று நேபோ மலைக்கே அடையாளம். 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேலே புதுத் தரை போட்டு மூடிவிட்டதால் சேதமில்லாமல் தப்பி, 1976இல் வெளியே வந்தது.

கெரசாவின் கோஸ்மாஸ், தமியான் தேவாலயத்தில் பரமோனாரியோஸ் தெயோதோரும் அவர் மனைவி ஜோர்ஜியாவும் படமாகவே நிற்கிறார்கள், கைகளை உயர்த்தி வேண்டும் நிலையில். அந்த அம்மாள் படத்துக்குப் பக்கத்திலேயே பெயரும் எழுதியிருக்கிறது. படமும் பெயரும் இப்படிச் சேர்ந்து தப்பியிருப்பது அபூர்வம்.

ஏழாம் படி: சேதத்தையும் படியுங்கள்

உம் அர் ரசாஸில் கொடையாளர்களின் உருவங்கள் இருந்த இடத்தில் இன்று சில்லுகள் கலைந்து குழம்பிக் கிடக்கும். ஆளும் விலங்கும் தெரிகிற உருவங்களை 8ஆம் நூற்றாண்டில் பெயர்த்தெடுத்து, பெரும்பாலும் அதே சில்லுகளைக் கலைத்துத் திரும்பப் பதித்திருக்கிறார்கள். சுத்தியலால் உடைத்த வேலையில்லை. தரை ஓட்டையாகாமல் பொறுமையாகச் செய்தது. தேவாலயத்தைத் தொடர்ந்து பயன்படுத்தியவர்களே செய்திருக்க வேண்டும் என்று நினைக்க அதுதான் காரணம். பெயர்களை அவர்கள் தொடவில்லை. எனவே எழுத்தில் வரும் இடைவெளியைப் பார்க்கும்போது, தற்செயலாகப் பெயர்ந்ததா, வேண்டுமென்றே எடுத்ததா, பழைய பழுதுபார்ப்பா என்று பிரித்து எழுதுங்கள். பழுதுபார்த்த ஒட்டில் சில்லின் அளவும் வரிசையும் மாறியிருக்கும்.

தரையில் சிலுவை பதிக்கக் கூடாது என்று 427இல் பேரரசர் தெயோதோசியுஸ் சட்டமே போட்டார், மிதிபடும் என்பதால். பிறகும் பதித்தார்கள். அதனால் சிலுவை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துக் காலத்தைச் சொல்லிவிட முடியாது.

கடைசிப் படி: எழுதி வைப்பது

1931இல் லெய்டனில் கூடிய அறிஞர்கள் வகுத்த குறியீடுகளைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அழிந்த எழுத்தை நீங்கள் ஊகித்து நிரப்பினால் சதுர அடைப்பு. சுருக்கத்தை விரித்தால் வட்ட அடைப்பு. பாதி மட்டும் தெரிகிற எழுத்துக்கு அடியில் புள்ளி. கைவினைஞர் விட்டுவிட்டதைச் சேர்த்தால் கோண அடைப்பு. இதில் மட்டும் சலுகையே கொடுக்காதீர்கள்: கண்ணால் பார்த்ததும் மனதால் நிரப்பியதும் கலந்துவிட்டால், அடுத்து வருகிறவர் உங்கள் ஊகத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்வார்.

பிறகு மொழிபெயர்ப்பு. ஆண்டவரை அழைத்துச் சொன்னதைத் தமிழிலும் அழைத்தே சொல்லுங்கள், 'நினைவுகூரப்பட்டார்' என்று அறிக்கையாக மாற்றிவிடாதீர்கள். கைவினைஞர் பெயரை அடிக்குறிப்புக்குத் தள்ளவும் வேண்டாம். வாசகத்தில் அது எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கட்டும்.

பழகிப் பார்க்க, மாதபாத் திருத்தூதர் தேவாலயத்தின் வட்ட வாசகத்தில் தொடங்குங்கள். கடலைப் பெண்ணாக உருவகித்த படம் அலைகளிலிருந்து எழுகிறது, அவளைச் சுற்றி எழுத்து ஓடுகிறது. வானத்தையும் பூமியையும் படைத்த ஆண்டவராகிய கடவுளே, அனஸ்தாசியுஸுக்கும் தோமாவுக்கும் தெயோதோராவுக்கும் வாழ்வு தாரும் என்று வேண்டி, மொசைக் பதித்த சலமானியோஸின் பெயரில் முடிகிறது. சின்ன வாசகம், எழுத்துகள் தெளிவு, நல்ல படங்கள் இணையத்திலேயே கிடைக்கும். நீங்கள் படியெடுத்ததைப் பாக்கார்ட் நிறுவனத்தின் இலவசக் கிரேக்கக் கல்வெட்டுத் தளத்தில் இருக்கும் பாடங்களோடு ஒப்பிடப் பழகிக்கொள்ளுங்கள். அடுத்து உம் அர் ரசாஸின் 756ஆம் ஆண்டு வாசகம், ஆண்டுக் கணக்கைக் கையோடு போட்டுப் பார்க்க. லோத்து தேவாலயம் மூன்றாவதாக இருக்கட்டும், பெயர்கள் நிறைய. கன்னி மரியாள் தேவாலயத்தைக் கடைசிக்கு வையுங்கள். அங்கே 662ஆ 767ஆ என்று உங்கள் பக்கத்தைச் சொல்ல, முதல் மூன்றிலும் கை பழகியிருக்க வேண்டும்.